மின்துகள் சமநிலைக் கணக்கு: எந்த வழியில் போட்டால் சீக்கிரம் முடியும்?

நிலைமின்னியலில் கூலூம் விதி (இரண்டு மின்துகள்களுக்கு இடையிலான விசை அவற்றின் பெருக்கலுக்கு நேர்விகிதம், தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம்) முடிந்த கையோடு வந்து நிற்கிற கணக்கு இது. ஒரு கோட்டில் இரண்டு புள்ளி மின்துகள்கள் நகராமல் பொருத்தப்பட்டிருக்கின்றன, மூன்றாவதை எங்கே வைத்தால் அதன்மேல் நிகர விசை சுழியாகும்? இதையே கொஞ்சம் முறுக்கி, மூன்றுமே சமநிலையில் நிற்க மூன்றாவதன் மதிப்பும் குறியும் என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். நூலில் இரண்டு பந்துகளைத் தொங்கவிட்டுக் கோணம் கேட்பார்கள், சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நிரப்பிவிட்டு நடுவில் ஒன்றைச் செருகச் சொல்வார்கள். அடியில் இருப்பது ஒரே விஷயம்தான், விசைகளின் கூடுதல் சுழி. ஆனால் அதைத் தாளில் எழுதப் பல வழிகள் இருக்கின்றன, எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அரை நிமிடத்திலும் முடியும், ஐந்து நிமிடமும் இழுக்கும்.

நீட் எழுதுகிறவர்களுக்கு 180 நிமிடத்தில் 180 கேள்விகள், அதில் 45 இயற்பியல், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மதிப்பெண் கழிவு. பிளஸ் டூ பொதுத்தேர்வில் அந்த ஓட்டம் இல்லை, ஆனால் அங்கே படிகளைக் காட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த ஒப்பீடு.

நேர்கோட்டில் இரண்டு: இருபடியா, வர்க்கமூலமா?

+4 மைக்ரோகூலூம், +9 மைக்ரோகூலூம், இடைவெளி 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

வழக்கமாகச் சொல்லித் தருவது நேரடியான விசைச் சமன்பாடு. 4-இலிருந்து தூரம் 'த' என்றால் 9-இலிருந்து 50 − த. விசைகளைச் சமப்படுத்தினால் 4/த² = 9/(50 − த)². கூலூம் மாறிலியான 9 × 10⁹, மைக்ரோவுக்கான 10⁻⁶, மூன்றாவது மின்துகளின் மதிப்பு, எல்லாம் இரண்டு பக்கமும் இருப்பதால் அடிபட்டுப் போகும். சென்டிமீட்டரை மீட்டராக மாற்றுவதும் வீண் வேலை. குறுக்கே பெருக்கி விரித்தால் த² + 80த − 2000 = 0 என்று வரும், காரணிப்படுத்தினால் 20 அல்லது −100. எண்கள் ஒத்துழைத்ததால் இவ்வளவு சுலபமாக முடிந்தது. 3-உம் 7-உம் கொடுத்திருந்தால் இருபடிச் சூத்திரத்துக்குப் போய், வேர்க்குறிக்குள் ஒரு பெரிய எண்ணை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

இன்னொரு வழி, விரிப்பதற்கு முன்பே இரண்டு பக்கமும் வர்க்கமூலம் எடுத்துவிடுவது. 2/த = 3/(50 − த). அதாவது 50 செ.மீ.யை 2:3 என்று பிரித்தால் போதும், சின்னதிலிருந்து 20, பெரியதிலிருந்து 30. முடிந்தது. 3-உம் 7-உம் வந்தாலும் √3:√7 என்று பிரித்து எழுதிவிட்டுப் போகலாம். ஒற்றைக் கோடு, இரண்டு நிலை மின்துகள் என்றால் இதைத் தவிர வேறு வழிக்குப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பொதுத்தேர்வில்கூட, விசைச் சமன்பாட்டை முழுதாக எழுதி, அடுத்த வரியில் 'இருபுறமும் வர்க்கமூலம் காண' என்று போட்டால் அது முறையான படிதான். ஏதோ குறுக்குவழி என்று யாரும் கழித்துவிட முடியாது.

அப்படியென்றால் இருபடியால் பயனே இல்லையா? ஒரு பயன் இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. −100 வந்ததல்லவா, 'எதிர்க்குறித் தூரம் பொருந்தாது' என்று சொல்லி அதை அடித்துவிடுகிறோம். அந்தக் காரணம் சரியில்லை. −100 என்றால் 4-க்கு மறுபக்கம் 100 செ.மீ. தள்ளி என்று அர்த்தம், அப்படி ஓர் இடம் நிஜமாகவே இருக்கிறது. அங்கிருந்து 9-க்கு 150 செ.மீ. போட்டுப் பாருங்கள்: 4/10000-உம் 9/22500-உம் ஒன்றுதான். விசைகளின் அளவு அங்கேயும் சமம். என்ன சிக்கல் என்றால் இரண்டு விசையும் ஒரே பக்கம் பார்க்கின்றன, அடித்துக்கொள்ளாமல் கூடிவிடுகின்றன. வர்க்கம் போட்ட சமன்பாட்டுக்கு அளவு மட்டும்தான் தெரியும், திசை தெரியாது, அதனால்தான் இரண்டு விடை. இப்போது 9-ஐ மட்டும் −9 ஆக்கிவிடுங்கள். 20 செ.மீ. விடை செத்துவிடும், அடித்துப் போட்ட 100 செ.மீ. சரியான விடையாகிவிடும். ஒரே இருபடிச் சமன்பாடு, இரண்டு கணக்குக்கும் விடை வைத்திருக்கிறது, எது நம் கணக்குக்கு உரியது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆக எந்த வழியில் போனாலும் முதல் வேலை எண் போடுவது இல்லை, எந்தப் பகுதியில் தேடுவது என்று முடிவு செய்வதுதான். ஒரே குறி என்றால் இரண்டுக்கும் நடுவில். எதிரெதிர்க் குறி என்றால் வெளியே, அதுவும் அளவில் சின்னதன் பக்கம். ஏன் சின்னதன் பக்கம்? பெரியதன் பக்கம் போனால் பெரியதும் அதுவே, கிட்ட இருப்பதும் அதுவே, அதை எதிர்க்க மற்றதால் ஒருநாளும் முடியாது. வெளியே என்று ஆனதும் கூட்டல் விகிதம் கழித்தல் விகிதமாகும்: +4, −9 என்றால் 4-இலிருந்து தூரம் 50 × 2/(3 − 2) = 100. சம அளவு எதிர்க்குறி கொடுத்திருந்தால் கீழே சுழி வரும், அதாவது முடிவுள்ள தூரத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது. இதைக் கேள்வியாகக் கேட்டு 'எங்கும் இல்லை' என்று ஒரு விருப்பத்தை வைத்தால், பாதிப் பேர் நடுப்புள்ளியைக் குறித்துவிட்டு வருவார்கள்.

விசையா, மின்புலமா?

கணக்கில் பார்த்தால் வித்தியாசம் சொற்பம். விசையை மூன்றாவது மின்துகளின் மதிப்பால் வகுத்தால் மின்புலம், அவ்வளவுதான். ஆனால் யோசிப்பதற்கு மின்புலம் சுத்தமான வழி. மூன்றாவது மின்துகள் நேரா எதிரா, பெரியதா சிறியதா என்ற கேள்வியே எழாது, புலம் சுழியான இடத்தில் எதை வைத்தாலும் விசை சுழி. 'மூன்றாவது எதிர்மின்துகள் என்றால் இடம் மாறுமா சார்?' என்று கேட்கிற பிள்ளைகளுக்கு விசை வழியில் பதில் சொன்னால் நான்கு அம்புக்குறி வரைய வேண்டும், மின்புலம் என்றால் ஒரே வாக்கியம்.

வர்க்கமூல வழி கைவிடுகிற இடத்தில்தான் மின்புலம் உண்மையாகவே தேவைப்படுகிறது. கோட்டில் மூன்று நிலை மின்துகள்கள் இருந்தால் இரண்டு பக்கமும் ஒற்றை உறுப்பாக நிற்காது, வர்க்கமூலம் எடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. விரித்தால் நாலாம் படிச் சமன்பாடு. தேர்வில் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் இடம் கேட்க மாட்டார்கள், எத்தனை இடம் அல்லது எந்தப் பகுதி என்றுதான் கேட்பார்கள். அதற்குக் கோட்டின் வழியே புலத்தின் வரைபடத்தைக் கிறுக்கினால் போதும். அடுத்தடுத்த இரண்டு நேர் மின்துகள்களுக்கு நடுவில், இடதுபுறத்தை ஒட்டிய இடத்தில் புலம் வலப்பக்கம் மிகப் பெரிதாக இருக்கும், வலதுபுறத்தை ஒட்டிய இடத்தில் இடப்பக்கம் மிகப் பெரிதாக இருக்கும், நடுவில் எங்கேயாவது சுழியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எண்ணே போடாமல் விடை வந்துவிட்டது.

மூன்றுமே சமநிலையில் வேண்டும் என்றால்

இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். இப்போது யாரும் பொருத்தப்பட்டவர்கள் இல்லை, மூன்றின் மீதும் நிகர விசை சுழியாக வேண்டும். இடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, 20 செ.மீ. மதிப்புக்கு மூன்று வழிகள்.

முதல் வழி, ஏதாவது ஒரு ஓர மின்துகளை எடுத்து அதன்மேல் விசையைச் சமப்படுத்துவது. 4-ஐ எடுத்தால், 9 அதை 50 செ.மீ. தூரத்திலிருந்து தள்ளுகிறது, மூன்றாவது 20 செ.மீ. தூரத்திலிருந்து இழுக்க வேண்டும். 9/2500 = மதிப்பு/400, ஆக 1.44 மைக்ரோகூலூம், இழுப்பதால் எதிர்க்குறி. 9-க்குத் தனியாகச் சரிபார்க்கத் தேவையில்லை. அக விசைகளின் மொத்தக் கூடுதல் எப்போதும் சுழி, இரண்டு சமநிலையில் நின்றால் மூன்றாவது தானாக நிற்கும்.

இரண்டாவது, சூத்திரம். இரண்டின் பெருக்கலை, வர்க்கமூலங்களின் கூடுதலின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 36/(2 + 3)² = 36/25 = 1.44. வேகம் என்றால் இதுதான் வேகம், ஆனால் எதிர்க்குறி ஜோடி வந்தால் கூட்டலைக் கழித்தலாக மாற்ற நினைவு வேண்டும். +4, −9 என்றால் 36/(3 − 2)² = 36, அதுவும் எதிர்க்குறி. குறியை இந்தச் சூத்திரம் சொல்லாது. மனப்பாடம் செய்கிறவர்கள் விழுவது அங்கேதான். சூத்திரத்தைவிட இந்த அமைப்பை நினைவில் வைப்பது நல்லது: மூன்றும் சமநிலையில் இருந்தால் குறிகள் மாறி மாறி வரும், நடுவில் இருப்பது அளவில் எப்போதும் சிறியது. +4, −1.44, +9 என்ற வரிசையைப் பாருங்கள், அப்புறம் −36, +4, −9 என்ற வரிசையைப் பாருங்கள். அதோடு நடுவில் உள்ளதன் வர்க்கமூலத்தின் தலைகீழ், ஓரங்களில் உள்ளவற்றின் வர்க்கமூலங்களின் தலைகீழ்க் கூடுதலுக்குச் சமம். 1/1.2 = 1/2 + 1/3. இரண்டாவதில் 1/2 = 1/6 + 1/3. இணைமின்தடைச் சூத்திரம் போலவே இருப்பதால் இது மறக்காது.

மூன்றாவது வழி வகுப்புகளில் அரிதாகவே வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. புள்ளி மின்துகள்கள் எல்லாமே, தங்களுக்கு இடையிலான விசைகளால் மட்டும், சமநிலையில் நின்றால் அந்த அமைப்பின் மொத்த நிலைமின்னழுத்த ஆற்றல் சுழி. காரணம் சின்னது. அத்தனை இடைவெளிகளையும் ஒரே விகிதத்தில் துளி அளவு நீட்டுங்கள். எதன்மேலும் விசை இல்லை, ஆகவே வேலை இல்லை, ஆற்றல் மாறாது. ஆனால் ஆற்றலின் ஒவ்வோர் உறுப்பும் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருப்பதால், நீட்டினால் மொத்தமும் அதே விகிதத்தில் குறைந்தாக வேண்டும். குறையவும் வேண்டும், மாறவும் கூடாது என்றால் அது சுழியாக மட்டுமே இருக்க முடியும். நம் கணக்கில் போட்டால் 36/50 = மதிப்பு × (4/20 + 9/30), அதாவது 0.72 = மதிப்பு × 0.5, மறுபடியும் 1.44.

இதன் அருமை நேர்கோட்டில் தெரியாது, சதுரத்துக்குப் போனால் தெரியும். நான்கு மூலைகளிலும் சம மின்னூட்டம், நடுவில் எவ்வளவு வைத்தால் எல்லாம் சமநிலை? விசை வழியில் ஒரு மூலைக்கு வரும் மூன்று தள்ளுவிசைகளைக் கூறுகளாகப் பிரித்து, மூலைவிட்டத்தின் திசையில் கூட்டி, நடுவிலிருந்து வரும் இழுவிசையோடு சமப்படுத்த வேண்டும். ஆற்றல் வழியில் நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம், நான்கு அரை மூலைவிட்டம் என்று ஜோடிகளை எண்ணினால் போதும், திசையே கிடையாது. பக்கத்தையும் மூலை மின்னூட்டத்தையும் 1 என்று வைத்தால் 4 + 2/√2 = மதிப்பு × 4√2, ஆக மூலையில் உள்ளதைப் போல சுமார் 0.957 மடங்கு, எதிர்க்குறி. சமபக்க முக்கோணத்தில் இதே போல 1/√3 மடங்கு. ஒரு நிபந்தனை உண்டு: ஆற்றல் சுழி என்பதால் மட்டும் சமநிலை வந்துவிடாது. இடம் சரியானது என்று சமச்சீராலோ வேறு வழியிலோ தெரிந்த பிறகுதான் மதிப்பைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த முடியும். நூல், எடை, வெளிப்புலம் என்று வேறு விசை ஏதாவது புகுந்தால் இந்த வழி அங்கேயே செத்தது.

சமச்சீர் பற்றி இன்னும் ஒரு வரி. ஒழுங்கான ஐங்கோணத்தின் நான்கு மூலைகளில் மட்டும் சம மின்துகள்கள், மையத்தில் உள்ளதன்மேல் விசை என்ன என்று கேட்டால் 72 பாகை, 144 பாகை என்று கோணங்களோடு மல்லுக்கட்டாதீர்கள். ஐந்தும் இருந்தால் சுழி, ஆகவே நான்கு இருந்தால் வருவது, இல்லாத ஒன்று தரவேண்டிய விசைக்கு நேரெதிர். ஒவ்வொன்றும் தனித்தனியே தரும் விசைகளைக் கூட்டினால் போதும் என்கிற மேற்பொருந்துதல் தத்துவம் இதைவிட அழகாக வேலை செய்கிற இடம் குறைவு.

நூலில் தொங்கும் பந்துகள்

ஒரே ஆணியில் சம நீள நூல்களில் தொங்கும், ஒரே மாதிரியான இரண்டு பந்துகள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று விசைகள், எடை, நூலின் இழுவிசை, மின்விசை. லாமியின் தேற்றம் (சமநிலையில் உள்ள மூன்று விசைகளில் ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் சைனுக்கு நேர்விகிதம்) என்று ஆரம்பிக்கிறவர்கள் உண்டு. சரியான தேற்றம்தான், ஆனால் எடையும் மின்விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும்போது அதைப் போடுவது வீண் சுற்று. கூறுகளாகப் பிரித்தால் இரண்டே வரி, வகுத்தால், நூல் செங்குத்துக் கோட்டோடு காட்டும் கோணத்தின் டேன் = மின்விசை/எடை.

கோணத்தைக் கொடுக்காமல் நீளங்களைக் கொடுத்தால் வடிவொத்த முக்கோணம் இன்னும் நேரடி. நூல் 50 செ.மீ., பந்துகளுக்கு இடையே 60 செ.மீ. என்றால் பாதி 30, செங்குத்து உயரம் 40. மின்விசை/எடை = 30/40. 10 கிராம் பந்து, புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று எடுத்தால் எடை 0.1 நியூட்டன், மின்விசை 0.075 நியூட்டன், மின்னூட்டத்தின் வர்க்கம் 3 × 10⁻¹², ஆக ஒவ்வொரு பந்திலும் சுமார் 1.73 மைக்ரோகூலூம். இதே கணக்கில் சிறுகோணத் தோராயத்தைப் போட்டிருந்தால் இடைவெளி 60-க்குப் பதில் 64.6 செ.மீ. வந்திருக்கும். கோணம் 37 பாகை, அது சிறுகோணம் இல்லை. கேள்வியில் 'நூலின் நீளத்தோடு ஒப்பிட இடைவெளி மிகச் சிறியது' என்று சொன்னால் ஒழிய அந்தப் பக்கம் போகக் கூடாது. சொல்லியிருந்தால் மட்டும் இடைவெளியின் மூன்றாம் படி மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்ற ஒரே வரி எல்லா வேலையும் செய்யும். மின்னூட்டம் சீராகக் கசிகிறது, பந்துகள் நெருங்கும் வேகம் இடைவெளியை எப்படிச் சார்ந்தது என்ற அந்தப் பழைய கேள்வியும் அதில் அடக்கம்: வேகம், இடைவெளியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம்.

திரவத்தில் மூழ்கடித்தும் கோணம் மாறவில்லை என்றால் டேன் வழிதான். மின்விசை திரவத்தின் மின்காப்பு மாறிலியால் வகுபடும், எடை மிதப்பு விசையால் குறையும், இரண்டும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். பந்தின் அடர்த்தி 1.6, திரவம் 0.8 என்றால் எடை பாதியாகிறது, ஆகவே மாறிலி 2.

நிறைகள் வேறு வேறாக இருந்து, இரண்டு நூலும் ஒரே ஆணியில் தொங்கினால் மட்டும் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆணியைச் சுற்றித் திருப்புவிசை எடுங்கள். இழுவிசைகள் ஆணி வழியே போவதால் வராது. பந்துகளின் மின்விசைகள் சமமும் எதிரும் ஒரே கோட்டில் இருப்பதால் அடிபடும். மிச்சம், நிறை × கிடைத்தூரம் இரண்டு பக்கமும் சமம். எந்தப் பந்தில் எவ்வளவு மின்னூட்டம் என்று தெரியவே வேண்டாம், பொது நிறைமையம் ஆணிக்கு நேர் கீழே நிற்கும்.

நிற்குமா, விழுமா?

இடத்தைக் கண்டுபிடிக்க ஆற்றலை வகையிடுவதில் லாபம் ஒன்றும் இல்லை, கடைசியில் அதே விசைச் சமன்பாடுதான் வரும். சமநிலை உறுதியானதா என்று கேட்டால்தான் அது தேவை. நம் 20 செ.மீ. புள்ளியில் நேர்மின்துகளை வைத்தால் கோட்டின் வழியே அசைத்தால் திரும்பி வரும், கோட்டுக்குச் செங்குத்தாக அசைத்தால் ஓடிவிடும். எதிர்மின்துகள் என்றால் தலைகீழ். எல்லாத் திசையிலும் திரும்பி வருகிற இடம் நிலைமின்விசையால் மட்டும் அமையவே அமையாது என்பது சாமுவேல் எர்ன்ஷா 1842-இல் வெளியிட்ட தேற்றம். ஆகவே விருப்பங்களில் 'அனைத்துத் திசைகளிலும் உறுதியான சமநிலை' என்று இருந்தால், கணக்கே போடாமல் அதை அடித்துவிடலாம்.

கூலூமுக்கே இந்தச் சிக்கல் வந்தது. 1785-இல் முறுக்குத் தராசை வைத்து விலக்குவிசையை அளந்தபோது 36, 18, 8.5 பாகை இடைவெளிகளுக்கு 36, 144, 575.5 பாகை முறுக்கு தேவைப்பட்டது, தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்பது அந்த மூன்று எண்ணிலேயே தெரிகிறது. கவரும் விசைக்கு அதே தராசு சரிப்படவில்லை. பந்துகள் நெருங்க நெருங்க இழுப்பு வேகமாகக் கூடுகிறது, கம்பியின் முறுக்கோ கோணத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடும், ஓர் எல்லை தாண்டினால் இரண்டும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் சமநிலையை விட்டுவிட்டு, மின்னூட்டப்பட்ட ஊசியை அலையவிட்டு அதன் அலைவு நேரத்தை அளக்கும் வழிக்கு மாறினார்.

அலைவு நேரம் கேட்டால் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். சமநிலைப் புள்ளியிலிருந்து சிறிய இடப்பெயர்ச்சி கொடுத்து விசையை எழுதி, முதல் படி உறுப்பை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு சம நேர்மின்துகள்களுக்கு நடுவில் நேர்மின்துகள் கோட்டின் வழியே அலைந்தால் (பொதுவான காரணிகளை விட்டுவிட்டால்) மீள்விசையின் கெழு 4, அதே அளவு எதிர்மின்துகள் செங்குத்தாக அலைந்தால் 2, ஆகவே நிறை ஒன்றாக இருந்தால் அதிர்வெண்களின் விகிதம் √2. 4-க்கு எதிராக ஏன் 2 வருகிறது? செங்குத்துத் திசைகள் இரண்டு இருக்கின்றன, எர்ன்ஷாவின் கணக்குப்படி மூன்று திசைகளின் கெழுக்களும் குறியோடு கூட்டினால் சுழியாக வேண்டும், 4 − 2 − 2.